செல்லக்கிளியின் இமைக்கட்டி

குப்பிக்குள் ஏதோ 'டிக்'கென்று கண்ணாடியில் தட்டியது. டாக்டர் வேதமணி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். உச்சிவேளை, கரண்ட் போய், மின்விசிறி நின்று அரை மணி நேரமாகிவிட்டது. துறைமுகப் பக்கமிருந்து வந்த கருவாட்டு வாடை பார்மலின் நெடியோடு சேர்ந்து தொண்டையைப் பிடித்தது.

குப்பியில் கிடந்தது கருப்பட்டிக் கடைக்காரர் மனைவி செல்லக்கிளியின் மேலிமையிலிருந்து எடுத்த கட்டி. கண்கட்டி என்று நினைத்து வேதமணி இரண்டு முறை கீறிச் சுரண்டியிருந்தார். இரண்டு முறையும் வளர்ந்துவிட்டது. ஆறு மாதம் முன்பு அவருடைய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த இளம் டாக்டர் பிளாரன்ஸ் விரலால் ஒருமுறை உருட்டிப் பார்த்தாள்.

"இது கண்கட்டி இல்ல சார். முடிவேர்லருந்து வளருது. கல்லு மாதிரி இருக்கு பாருங்க. அபூர்வம்தான், ஆனா கெட்டது இல்ல. முழுசா எடுத்துட்டா திரும்ப வராது."

அவளே எடுத்தாள். இன்று காலை தையல் பிரித்ததும் செல்லக்கிளி வராந்தாவில் நின்று சத்தமாகச் சொன்னாள்: "பெரிய டாக்டரு ரெண்டு தடவ கீறுனாவ, ஒண்ணும் நடக்கல. இந்தம்மா கைய வச்சதும் போயிட்டுல்லா!"

பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் பிளாரன்ஸின் அறைப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். இருபது வருஷமாக அவருக்காகக் காத்திருந்த பெஞ்சு.

கட்டி சாயங்காலம் மதுரைக்குப் பரிசோதனைக்குப் போகிறது. அதில் புற்று இருக்கவேண்டும் என்று வேதமணி ஆசைப்பட்டார். செல்லக்கிளியின் சிரித்த முகம் நினைவுக்கு வந்தும் அந்த ஆசை குறையவில்லை.

அனுப்புமுன் தானே அறுத்துப் பார்த்துவிடக் கதவைத் தாழிட்டார். கட்டியை எடுத்துத் தட்டில் வைத்தார். விரலுக்கடியில் அது துடித்தது. தன் நாடிதான் என்று சொல்லிக்கொண்டார்.

"சார், உள்ள இருக்கீங்களா?" வெளியே பிளாரன்ஸ். "அந்தக் குப்பிய அனுப்பணும்."

கத்தியைக் கட்டியின் மேல் வைத்து அழுத்தினார். சுண்ணாம்பு போல நறநறத்தது. அவள் சொன்னபடியே. அந்த ஆத்திரத்தில் இன்னும் ஆழமாகக் கீறினார்.

பிளவின் ஓரத்தில் முடி. மேலே ஒரு வரிசை. கீழே ஒரு வரிசை. ஈரமாக, வளைந்து.

கத்தியை வெளியே எடுத்தார்.

பிளவு மூடிக்கொண்டது.

"சார்?"

ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

பிளவு மெல்லத் திறந்தது. வெள்ளை. நடுவே கருவிழி. பிளாரன்ஸின் குரல் வந்த கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு, அவசரமே இல்லாமல், அவர் பக்கம் திரும்பி, இமைக்காமல் நின்றது.