காலி வாளி

2025ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், திங்கட்கிழமை, அந்தப் பள்ளியின் சமையலறையில் விறகடுப்பு நிறுத்தப்பட்டது. பின்புறத் தொட்டியில் காய்கறிக் கழிவு மக்கி எரிவாயு உண்டாயிற்று. அதில் மதிய உணவு வெந்தது. புகையில்லை. சமையல்கார அக்காவின் இருமலும் குறைந்தது.

தொட்டிக்கு நாள்தோறும் தீனி வேண்டும். ஆகவே, ஒவ்வொருவரும் வீட்டுக் கழிவை வாளியில் கொண்டுவர வேண்டும் என்றும், கொண்டுவராதவர் சாப்பாட்டு வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும் என்றும் தலைமையாசிரியை உத்தரவிட்டார். கடைசியில் நிற்பவருக்குப் பாத்திரத்தின் அடிதான் மிஞ்சும்.

வாசலில் எடைபோட்டவள் ஐந்தாம் வகுப்புத் தலைவி. எடையை உரக்கச் சொல்வதில் அவளுக்கு ஒரு பெருமை.

“பூஜ்ஜியம்!” என்று அவள் கூவினால் வரிசையே சிரிக்கும். அந்தப் பூஜ்ஜியம் எப்போதும் ‘வாத்து’ என்று எல்லாரும் அழைத்த சிறுமியினுடையது.

“ஏன்டி, உங்க வீட்ல சமைக்கவே மாட்டீங்களா?”

“சமைப்போமே.”

“அப்ப தோலெல்லாம் எங்க போகுது?”

வாத்து காலி வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளுடைய வாளி மூன்று கிலோ காட்டியது. தலைவி கைதட்டினாள். மேலே புல், அடியில் இருந்ததெல்லாம் மண். அது தொட்டிக்குள் போகும் குழாயை அடைத்துக்கொண்டது. திங்களன்று அடுப்பு எரியவில்லை. அக்கா இருமிக்கொண்டே மறுபடியும் விறகை ஊதினார்.

“இந்த வாரம் முழுக்க உனக்குச் சாப்பாடு கிடையாது,” என்றார் தலைமையாசிரியை. வாத்து தலைகுனிந்து நின்றாள்.

அன்று மாலை, நாலு வார்த்தை கேட்டுவிடுவதென்று தலைவி வாத்தின் வீட்டுக்குப் போனாள். வாத்தின் அம்மா பூசணித் தோலைப் பொடிப்பொடியாக நறுக்கி வேகவைத்துக்கொண்டிருந்தார்.

“வாம்மா, சாப்பிடுறியா? தோல்தான். உப்புப் போட்டா நல்லாத்தான் இருக்கும்.”

“இதைத் தூக்கிப் போட மாட்டீங்களா?”

“தூக்கிப் போட்டுட்டு எதைம்மா தின்றது?”

தலைவிக்குக் கேட்க வந்தது மறந்துபோயிற்று. வாசல்வரை வந்த வாத்து, “ஸ்கூல்ல சொல்லிடாதடி,” என்றாள்.

“சொல்ல மாட்டேன்.”

மறுநாள் காலை, தலைவி தராசைத் தலைமையாசிரியையின் மேசைமீது வைத்தாள்.

“மிஸ், இனிமே எடை போட வேணாம். வாசல்ல ஒரு டிரம் வைங்க. இருக்கிறவங்க கொட்டட்டும். பத்தலேன்னா மார்க்கெட்ல கேக்கலாம்.”

“அப்ப யார் கொண்டு வரலைன்னு எப்படித் தெரியும்?”

“தெரிய வேணாம், மிஸ்.”

“நீ என்ன, அவளுக்கு வக்கீலா?”

“தினமும் பூஜ்ஜியம்னு கத்தினது நான்தான், மிஸ். அதனாலதான் அவ மண்ணை அள்ளிட்டு வந்தா. எனக்கும் சேத்துத் தண்டனை குடுங்க.”

“டிரம்மே வைங்க டீச்சர்,” என்றது சமையலறையிலிருந்து ஒரு குரல். “இல்லேன்னா இந்தப் புகையில நான் போய்ச் சேந்துடுவேன்.”

தலைமையாசிரியை தராசை எடுத்து அலமாரிக்குள் வைத்தார்.

இறுதியில் முடிவானது இது: எடைபோடுவது நிறுத்தப்பட்டது. வாசலில் மூடியிட்ட டிரம் ஒன்று வைக்கப்பட்டது. குறைவதைச் சந்தையிலிருந்து கொண்டுவரப் பள்ளிக் காவலாளி அனுப்பப்பட்டார். சாப்பாட்டுக்கு இனி வகுப்புவாரியாக நிற்பார்கள். வாத்தின் தண்டனை மட்டும் நீக்கப்படவில்லை. தலைவி கேட்டபடி இருவருக்கும் பகிரப்பட்டது. அந்த வாரம் முழுவதும் தலைவிக்குரிய ஒரு தட்டுச் சோற்றை இருவரும் பாதிப்பாதியாக உண்டார்கள்.