மூன்றாவது தட்டல்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் என் தங்கை டிம்னாவின் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். மழை பெய்தது. எங்கள் ஊர் டிரும்ஹாலாவில் அதெல்லாம் ஒரு செய்தியே அல்ல. கதவை மூன்று முறை தட்டி, "மலாக்கி வந்திருக்கேன்" என்று பெயர் சொன்ன பிறகுதான் திறந்தாள்.

எங்கள் ஊரில் அப்படித்தான். சாப்பாட்டு வேளையில் ஒரு தட்டலுக்கும் இரண்டு தட்டலுக்கும் எவனும் எழுந்திருக்க மாட்டான். உயிருள்ள ஆள் என்றால் மூன்றாவதும் தட்டிப் பெயரைச் சொல்லும். ஒரே தட்டலோடு நிற்பவர்களும் உண்டு. பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில், உருளைக்கிழங்கெல்லாம் அழுகிப்போன பஞ்சத்தில், இந்த ஊர் கதவைத் தாழிட்டுக்கொண்டு, மெல்லும் சத்தம்கூட வெளியே கேட்காமல் தின்றது. வாசலில் வந்து நின்றவர்களுக்கு இரண்டாவது முறை தட்டக் கையில் தெம்பில்லை; அங்கேயே விழுந்து செத்தார்கள். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

டிம்னாவின் புருஷன் ஃபின்டன்தான் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் தலைவன். அவனுடைய முன்னோர்கள் தானியக் கிடங்கு வைத்திருந்தவர்கள். அந்தக் கிடங்குதான் இப்போது வீடு. வாசலில் ஒரு பித்தளைப் பலகை அடித்திருந்தான்: 'பஞ்ச காலத்திலும் இவ்வூரின் கதவுகள் எவருக்கும் மூடப்பட்டதில்லை.' முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சோறே இல்லாமல் மறைத்தவன் இவன் ஒருவன்தான். சிறந்த பாரம்பரிய ஊர் என்ற பரிசுக்காக இந்தக் கூத்து. டப்ளினிலிருந்து ஒரு நடுவர் அம்மாளை ஆட்டுக்கறி விருந்துக்கும் அழைத்திருந்தான்.

அந்த அம்மாள் நனைந்த கோட்டோடு உட்கார்ந்தாள். "ரெண்டு தடவ தட்டினேன். உள்ள பேச்சுக் குரல் கேட்டுது, அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. நான் சத்தம் போட்டதுக்கப்புறம்தான் திறந்தீங்க. உங்க ஊர்க் கதவு மூடவே மூடாதுன்னு பலகையில போட்டிருக்கீங்களே?"

ஃபின்டனின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. மறைக்கவும் இல்லை.

கறியைப் பரிமாறினார்கள். அப்போது கதவு தட்டப்பட்டது.

ஒரே ஒரு தட்டல்.

டிம்னாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. நானும் மெல்லுவதை நிறுத்தினேன்.

"வாங்க, வாங்க! யாரா இருந்தாலும் உள்ள வாங்க!" என்று கத்தினான் அந்த மடையன். "இங்க எல்லாருக்கும் சாப்பாடு இருக்கு! டிம்னா, போய்த் திற."

"வேணாங்க," என்றாள் அவள், மெல்ல.

"விருந்தாளி முன்னால மானத்த வாங்காத. திற."

திறந்தாள். வாசலில் மழை மட்டும்தான் இருந்தது. பிறகு ஒரு வாடை உள்ளே வந்தது. அழுகின உருளைக்கிழங்கின் வாடை, இனிப்பும் நாற்றமும் கலந்தது. அது டிம்னாவைத் தாண்டிப் போகவில்லை. அவளிடமே நின்றது.

அவள் மேசைக்குத் திரும்பி வந்து, உட்காராமலே சாப்பிட ஆரம்பித்தாள்.

அன்று முதல் அவள் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. ரொட்டி, பச்சை உருளைக்கிழங்கு, நாய்க்கு வைத்த எலும்பு. தின்னத் தின்ன இளைத்தாள். கால்வே நகரத்து டாக்டர்கள் ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். என் கடையிலிருந்து தினமும் ரொட்டி கொண்டுபோனேன். முன்பக்கம் மதுக்கடை, பின்பக்கம் சவப்பெட்டி. எங்கள் பக்கத்தில் இரண்டு தொழிலையும் ஒரே ஆள் செய்வது வழக்கம்.

"அண்ணே, அவங்க சோறு கேக்கல," என்றாள் ஒரு நாள், வாய் நிறைய ரொட்டியோடு. "கதவ மூடினோம்னு இந்த வீட்டு ஆம்பள வாசல்ல நின்னு ஒரு தடவ சொல்லணுமாம். சொன்னா போயிடுவாங்களாம்."

ஃபின்டனிடம் போனேன். "மாப்ள, ஒரே ஒரு வார்த்த. சொல்லிட்டா என் தங்கச்சி பொழச்சிக்குவா."

"பரிசு அறிவிக்கிற நேரத்துலயா? அடுத்த வாரம் பாத்துக்கலாம் மச்சான்."

"அடுத்த வாரம் நான் அவளுக்குப் பெட்டி செய்யணும்டா, நாயே!"

பரிசு கிடைத்தது. டிம்னா செத்தாள். பெட்டியைத் தூக்கியபோது, அவளை உள்ளே வைக்க மறந்துவிட்டோமோ என்று ஒரு கணம் சந்தேகப்பட்டேன். நாற்பது வருடத் தொழிலில் நான் அழுதது அன்று மட்டும்தான்.

அடக்கம் முடிந்து ஊரே ஃபின்டன் வீட்டில் கூடியது. பன்றிக்கறி வைத்த ரொட்டி, தேநீர், விஸ்கி. ஒருத்தர் மிச்சமில்லை, எல்லார் வாயிலும் ஏதோ ஒன்று. ஃபின்டன் எழுந்து தொண்டையைச் செருமினான். "என் டிம்னாவின் கதவு எப்போதும் எல்லாருக்கும்..."

கதவு தட்டப்பட்டது.

எல்லாரும் அசையாமல் நின்றார்கள். ஒன்று. எங்களுக்குப் பழக்கம்தானே, காத்திருந்தோம்.

இரண்டு.

மூன்று.

மூன்று தட்டினால் உயிருள்ள ஆள். திறந்தே ஆக வேண்டும். கதவுக்கு அருகில் நின்றவன் நான்தான். தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

"டிம்னா வந்திருக்கேன்," என்றது வெளியே. "அண்ணே, பசிக்குது."

ஃபின்டன் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டிருந்தான். பாதிரியார் மென்றதை விழுங்க முடியாமல் நின்றார். இந்த ஊரை, இந்தக் கோழைக் கூட்டத்தை, வாழ்நாள் முழுக்கக் காறித் துப்பியவன் நான்.

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கடையைச் சாத்திவிட்டுத் தனியாகச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு தட்டல் ஆகிவிட்டது.

சத்தம் வராமல் மென்றுகொண்டிருக்கிறேன்.