செவ்வாயில் ஒரு கோன்செட்

செவ்வாய்க் கிரகத்தின் செம்மேடு குடியிருப்பில் காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், செங்குத்தான மலைச்சுவரை ஒட்டியே ஐந்து கிலோமீட்டர் ஆழத்துக்கு மோட்டார் சைக்கிளில் இறங்குவார்கள். கீழே பனிச்சுரங்கம். குடியிருப்புக்குத் தண்ணீரும் மூச்சுக்காற்றும் அங்கிருந்துதான் வந்தன. பாறையைக் குடைந்து போட்ட பாதையில் இரண்டு சக்கரத்துக்கு மேல் இடமில்லை. தடுப்புச்சுவர் கட்டித் தருவதாக ஒவ்வொரு தேர்தலிலும் சொன்னார்கள். நாளடைவில் எல்லோருக்கும் பழகிப்போய்விட்டது. ஹெல்மெட்டுக்குள் பாட்டுக் கேட்டுக்கொண்டேகூட இறங்கினார்கள்.

நப்பின்னையை மட்டும் முந்தாநாள் முதல் பயம் பிடித்துக்கொண்டிருந்தது. சுரங்கத்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் வேலை பார்த்த அருள்வரதன், அன்று பாதையில் அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஒரு வளைவில் பிரேக் பிடித்ததும் அவருடைய ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் வெடவெடவென்று அடித்துக்கொண்டது. அடுத்த கணம் பாதையில் அவர் இல்லை. செவ்வாயில் ஈர்ப்பு குறைவு, எதுவும் மெதுவாகத்தான் விழும். அந்தப் பின்விளக்கின் சிவப்பை அவள் நெடுநேரம் பார்க்க வேண்டியிருந்தது.

இன்று சுரங்கத்தில் அவருக்கு இரங்கல் கூட்டம். முதலில் பேச வேண்டியவள் அவள்தான். கிளம்பிக் குடியிருப்பின் வாசலில் பிரேக்கை அழுத்தியபோது, அவள் வண்டியின் கழுத்துப் பக்கம் 'டக்' என்றது. அப்படியே இறங்கி, பக்கத்திலிருந்த பழுதுநிலையத்துக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அங்கே இருந்தது சீராளன் என்ற பழுதுநீக்கி எந்திரன். வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்தே தொழிலை மெருகேற்றிக்கொள்ளும் கற்றறி மூளை அதற்கு. பேச்சும் அவர்களிடமிருந்து தொற்றிக்கொண்டதுதான்.

"முன் பிரேக்கைப் புடிச்சுக்கிட்டு வண்டிய முன்னும் பின்னும் ஆட்டுங்கக்கா."

ஆட்டினாள். டக்.

"கோன்செட் லூசாயிடுச்சுக்கா" என்றது சீராளன்.

பூமியை விட்டு வந்தும் அந்தப் பெயர் மாறவில்லை. கோன்செட் என்பது வண்டியின் கழுத்துக்குள் இருக்கும் எஃகுக் குண்டுகள்; ஹேண்டில்பார் திரும்புவது அவற்றின் மேல்தான். அவற்றை அழுத்திப் பிடிப்பது விளிம்பில் காடிகள், அதாவது சிறு பள்ளங்கள், வெட்டிய ஒரு வளைய நட்டு. அது தளர்ந்தால் பிரேக் பிடிக்கும்போது ஹேண்டில்பார் உதறும். அளவுக்கு மீறி இறுகினால் திரும்பிய ஹேண்டில்பார் தானாக நேராகாது. இரண்டில் எது நடந்தாலும் அந்தப் பாதையில் முடிவு ஒன்றுதான்.

சீராளன் ஒரு கையில் உளியும் மறு கையில் சுத்தியலும் எடுத்தது.

"நிறுத்து! அது எதுக்கு?"

"தட்டி டைட் வைக்கத்தான். அஞ்சே நிமிஷம்."

நப்பின்னை குனிந்து பார்த்தாள். நட்டின் காடிகள் எலி கடித்தாற்போல் சிதைந்திருந்தன. இத்தனை நாள் இதை நம்பியா இறங்கினோம் என்று நினைத்தபடி நிமிர்ந்தாள். சுவரில் பிறைபோல் வளைந்த ஒரு திருகுச் சாவி, துளி கீறல்கூட இல்லாமல் மின்னிக்கொண்டிருந்தது.

"அது என்ன?"

"கொக்கிச் சாவி. காடியில சரியா உக்காரும். பக்கத்துல இருக்கறது முறுக்குமானி, எவ்வளவு இறுக்கம்னு சொல்லும். இந்த வேலைக்குன்னே செஞ்சதுக்கா."

"அப்புறம் ஏன் எடுக்க மாட்டேங்கற?"

"அதை எடுத்தா எல்லாரும் முகத்தைச் சுளிப்பாங்க. சுத்தியல எடுத்தா சிரிப்பாங்க. ஆளுங்க சிரிச்சுக்கிட்டுப் போனா வேலை சரின்னுதான் என்னைப் பழக்கியிருக்காங்க."

அவள் சட்டென்று அதன் பக்கம் திரும்பினாள். "அருள்வரதன் சார் வண்டிக்கும் உளிதானா?"

"ஆமாக்கா."

"பாவி! ஒரு மனுஷன் உசிரு போயிருக்கு!" அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எனக்கு அந்தச் சாவியாலதான் செய்யணும். எடு!"

சீராளனின் கண் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. இப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். சாவியைப் பூப்போல இறக்கி, உற்சாகமாகப் பேச ஆரம்பித்தது.

"முன்சக்கரத்தையும் ஃபோர்க்கையும் கழட்டணும். செம்மண் தூசியக் கழுவிட்டு, புதுக் குண்டு போட்டு, கிரீஸ் வைக்கணும். நல்லா இறுக்கிட்டு, அப்புறம் கொஞ்சம் தளர்த்தணும். மேல் நட்டைப் பூட்டினா மறுபடி இறுகும், அதனால திரும்ப அளக்கணும். அப்புறம் பாருங்க, விரலால தொட்டாலே ஹேண்டில்பார் திரும்பும்!"

"எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டு மணி நேரம்."

நப்பின்னை வாசலைப் பார்த்தாள். பாதையும் பள்ளமும் தெரிந்தன. கீழே இந்நேரம் எல்லோரும் கூடியிருப்பார்கள். அருள்வரதனின் படத்துக்கு மாலை போட்டிருப்பார்கள். பக்கத்து சீட்டுக்காரியையே காணோமே என்று யாராவது கிசுகிசுப்பார்கள். மேற்பார்வையாளர் ஒன்றும் சொல்லாமல் கடிகாரத்தை மட்டும் பார்ப்பார். அந்தப் பார்வையை நினைத்தபோது பள்ளம் அவ்வளவு ஆழமாகத் தோன்றவில்லை.

"சரிப்பா…" என்றாள், அதன் முகத்தைப் பார்க்காமல். "இப்போதைக்குச் சத்தம் வராத மாதிரி பண்ணிக் குடு. திரும்பி வரும்போது முறையாப் பாத்துக்கலாம்."

சீராளனின் கண் விளக்குகள் மங்கின. சாவியைத் துடைத்துப் பழையபடி சுவரில் மாட்டியது.

"அருள்வரதன் சாரும் திரும்பி வரும்போது பாத்துக்கலாம்னுதான்கா சொன்னாரு" என்றபடி காடியில் உளியை வைத்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டியது.

"சீக்கிரம்ப்பா" என்றாள் நப்பின்னை, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே.