ஒயரிங் மாற்றிய வேன்

அன்று காலை எங்கள் வேன் அருகில் இருந்தவர்கள் நான்கு பேர். சுப்புலட்சுமியாகிய நான், என் மகன் ராஜபாண்டியன், ஒயரிங் மாற்றிய எலக்ட்ரீசியன் பெத்தணன், எங்கள் வேனில் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகும் வெள்ளைத்தாய். வேறு யாரும் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொல்பவர்கள் கேட்டுச் சொல்பவர்கள்.

2004, புரட்டாசி. தீபாவளி சீசன். திருத்தங்கலிலிருந்து பதினெட்டு வருடம் ஆள் ஏற்றிய வேன் அது. ஒரு நாளும் பிந்தியதில்லை. ஓட்டியவர் என் வீட்டுக்காரர். ஆடியில், ஆள் இறக்கப் போன இடத்தில் நடந்த வெடி விபத்தில் போனார். இருந்தவரை டிரைவர் சீட்டில் மகனைக்கூட உட்கார விட்டதில்லை.

வேன் சும்மா நின்ற இரண்டு மாதத்தில் எலி ஒயரைக் கடித்துவிட்டது. பெத்தணன் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டான். ஆறரைக்கு முதல் நடை. வராவிட்டால் வேறு வேன் வைத்துக்கொள்வதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டில் வண்டி எடுக்க ஆள் இல்லை என்ற பேச்சைக் கேட்க நான் தயாராக இல்லை.

மகன் சாவியைத் திருப்பினான். டிக் என்றது. அவ்வளவுதான்.

பேட்டரி நன்றாக இருந்தது. பெத்தணன் எர்த் ஒயரைச் சுரண்டி முறுக்கினான். ஸ்டார்ட்டருக்கு வரும் ஒயரில் டெஸ்ட் விளக்கை வைத்தான், எரிந்தது. ஒயரை மாட்டினால் மறுபடியும் டிக்.

"நீ போட்டதுக்கு எலி கடிச்சதே தேவலைலே," என்றாள் வெள்ளைத்தாய்.

அவன் சிரிக்காமல் என்னிடம் சொன்னான். "கரண்டு வருது பெரியம்மா. யாரோ பிடிச்சு வச்சாப்ல இருக்கு."

மகன் இறங்கினான். பெத்தணன் பேட்டரி ஒயரைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றான்.

அப்போது வாசம் வந்தது. கந்தகமும் கருகிய துணியும். ஆஸ்பத்திரியில் அவரை மூட்டையாகக் கட்டிக் கொடுத்த அன்று வந்த அதே வாசம்.

காலியாக இருந்த டிரைவர் சீட் மெல்ல அமுங்கியது.

ஸ்பிரிங் முனகியது.

"போயிருவோம் அத்தை," என்று வெள்ளைத்தாய் கிசுகிசுத்தாள். பேயோட்டும் கோடாங்கியைக் கூப்பிடலாம் என்றான் மகன். கோடாங்கி வந்தால் பின்னாலேயே ஊரும் வரும். வேண்டாம் என்றேன்.

முப்பத்தைந்து வருடம் அவர் பெயரை என் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட மகனைத்தான் சொல்லச் சொல்வேன். அன்று வேன் கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து அனல் அடித்தது. முகத்தைத் திருப்பாமல் சொன்னேன்.

"ஏலே பலவேசம். தள்ளி உக்காருலே. எம்புள்ள வண்டி எடுக்கணும்."

சீட் நிமிர்ந்தது.

இன்ஜின் பிடித்தது.

பேட்டரி ஒயர் இன்னும் பெத்தணன் கையில்தான் இருந்தது.

ஆறரைக்கு வேன், ஆள் ஏற்ற, ரோடு பிரியும் விலக்கில் நின்றது.

நான் பெயர் சொல்லித் திட்டியதில் வெட்கப்பட்டு அவர் இறங்கிப் போய்விட்டதாகத் திருத்தங்கலில் பேசுகிறார்கள். அது பொய். இறங்கு என்று நான் சொல்லவே இல்லை. டிரைவருக்கு இடப்பக்க சீட்டில் நாங்கள் இன்றும் ஆள் ஏற்றுவதில்லை.