ஐந்து மணிக்குள் ஒரு கையெழுத்து

"வீ...ல்ல்!"

அலறியவள் ஸ்டெபி.

ராதாபுரம் தாலுகா ஆபீஸ். துணை தாசில்தார் வேதநாயகம் தன் அறைத் தரையில் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். மூச்சு இல்லை!

மணி நாலு.

ஸ்டெபி ஒரு டென்மார்க் கம்பெனியின் உள்ளூர் பிரதிநிதி. இங்கே வரவிருப்பது காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலை, கூடவே அறுபது உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அந்த வேலையைக் கற்றுத்தரும் பயிற்சிப் பள்ளி. அதற்கான அனுமதி ஃபைலில் வேதநாயகம் கையெழுத்திட்டு, அது இன்று ஐந்து மணிக்குள் பதிவாகாவிட்டால் எல்லாமே வியட்நாமுக்கு! பதினாலு மாதமாக நடக்கிறாள், பாவம்.

இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பன் பத்தே நிமிஷத்தில் வந்துவிட்டார்.

"சார், ஃபைலைக் காணல சார்!"

"பொறும்மா... இவரு விரலைப் பாரு. மை இன்னும் காயல. கையெழுத்துப் போட்டுட்டுத்தான் செத்திருக்காரு."

"போட்டுட்டாரா!"

பிணத்தின் முன்னால் சந்தோஷப்பட்டுவிட்டோமே என்று அவளுக்கே கூசியது.

வாசலில் கூச்சல். ஏட்டு செந்தூர்பாண்டி ஒருவனைக் காலரோடு இழுத்து வந்தார். நிலத் தரகன் பிச்சைக்கண்ணு!

"மதில் ஏறிக் குதிக்கப் பாத்தான் சார். சட்டைக்குள்ள ஃபைலு!"

"ஏம்லே அடிச்ச?"

"என் நிலத்தை வாங்குனாத்தான் ஃபைலு நகரும்னு சொல்லி வச்சிருந்தேன் சார். இந்த சீட்டுல முந்தி இருந்த ரெண்டு பேரும் என் பேச்சைக் கேட்டாவ. இந்த மனுசன்... கேக்காமக் கையெழுத்துப் போட்டுட்டாரு!"

ஆவுடையப்பன் ஃபைலைப் பிரித்தார். கையெழுத்து இருந்தது. சீலும் இருந்தது. மணி நாலு இருபத்தைந்து!

"குடுங்க சார்! அடுத்த ரூம்ல பதிஞ்சிட்டு அஞ்சே நிமிசத்துல தந்திருதேன்!"

"முடியாதும்மா. ரத்தம் பட்டிருக்கு. கொலைக் கேஸ் சாட்சி இது. கோர்ட்டுக்குத்தான் போவும்."

"போட்டோவாவது..."

"ஒரிஜினல் இல்லாமப் பதிய மாட்டாவ."

"அப்ப புதுசா ஒரு கையெழுத்து?"

"போட வேண்டியவரு இங்கன கிடக்காரே! அடுத்த ஆளைப் போட எத்தனை மாசமோ..."

செந்தூர்பாண்டி ஃபைலைத் துணியில் சுற்றி அரக்கு வைத்தார். எல்லாம் சட்டப்படி சரி. அதுதான் கொடுமை!

ஐந்து மணி. ஸ்டெபியின் போன் அலறியது.

டென்மார்க்காரர் கோபப்படவில்லை. காத்திருக்கத் தயாராம். ஆனால் எத்தனை நாள் என்று சொல்ல ஒருவராவது வேண்டாமா என்றார். மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. பழுதானால் இனியும் கடல் தாண்டித்தான் ஆள் வரவேண்டும். அறுபது பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வாள்? ஸ்டெபி உடைந்து அழுதாள்.

"அந்த ஃபைலு... எப்ப சார் வெளிய வரும்?"

ஆவுடையப்பன் பெருமூச்சுவிட்டார்.

"இவன் தொண்ணூறு நாள்ல ஜாமீன்ல வந்திருவாம்மா... ஃபைலுக்குத்தான் ஜாமீனே கிடையாது!"