சுகந்தியின் வலது கை

காலையில் பயனுருவுக்கு எழுபது வயது. மருந்துப் புட்டியின் மூடியைத் திருக முடியாமல் அதன் விரல்கள் நடுங்கின. கண்ணாடி அறைக்கு வெளியே நின்ற பிரதீஷ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். புட்டி அவன் வடிவமைத்தது. மதியத்துக்கு மேல் அதே பயனுருவுக்கு ஆறு வயதாகிவிடும். அப்போது வேறொருத்தி செய்த தண்ணீர்க் குடுவையை அது தரையில் போட்டுப் போட்டு எடுக்கும்.

மேனிலைப் பள்ளிகளில் பொருள் வடிவமைப்பைப் பாடமாக எடுத்த எல்லோருக்கும் மதிப்பெண் போடுவது இப்போது பயனுருதான். முன்பெல்லாம் மாணவர்கள் அட்டையிலும் ஃபோமிலும் மாதிரி செய்து, அக்கம்பக்கத்து வீடுகளில் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். அக்கம்பக்கத்தார், பிள்ளையின் மனம் நோகக் கூடாதென்று, நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்வார்கள். பயனுருவுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. இடுப்புக்கு மேல் மட்டுமே இருந்த அந்த எந்திர உடல், யாருடைய அளவையும் வலுவையும் ஏற்றினாலும் அவராகவே மாறிவிடும். பத்தாண்டுப் புழக்கத்தை ஓரிரு நாளில் முடித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லும். அது தேறவில்லை என்று சொன்ன பொருளைக் கடையில் வைக்கக்கூட முடியாது.

நிறைமதி செய்திருந்தது ஒரு காய்கறிக் கத்தி. சூலூரில் நூற்பாலை ஒன்றில் வேலை பார்த்த அவளுடைய அம்மா சுகந்தியின் வலது கையில் நடு மூன்று விரல்களை எந்திரம் பிடுங்கிக்கொண்டு நான்கு வருடமாகிறது. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். இடது கையால் வெங்காயம் நறுக்கப் பழகிப் பழகி, அந்தக் கையிலும் தழும்புகள். நிறைமதியின் கத்திக்குப் பிடி கிடையாது. சிரட்டை போலக் குழிந்த ஒரு தக்கை உள்ளங்கையில் பொருந்திக்கொள்ளும். வெட்டும் விசை மணிக்கட்டிலிருந்து வரும். எத்தனையோ ஃபோம் மாதிரிகளை அரத்தால் ராவி ராவி, அம்மாவின் கையில் வைத்துப் பார்த்து அவள் கண்டுபிடித்த வடிவம் அது. சுகந்தி முதல் தடவையாகப் பீன்ஸை ஒரே அளவில் நறுக்கிய அன்று, நறுக்க வேண்டியதை எல்லாம் நறுக்கி முடித்துவிட்டு, தேவையே இல்லாமல் ஒரு பூசணிக்காயையும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பயனுரு அந்தக் கத்தியை நிராகரித்தது. பிடிப்பு பொருந்தவில்லை என்றது. ஆயிரக்கணக்கான உடல்கள் அதற்குள் இருந்தன. ஆனால் ஐந்துக்குக் குறைவாக விரல் உள்ள கை ஒன்றுகூட இல்லை. விரல்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் அது கத்தியைக் கீழே நழுவவிட்டபடியே இருந்தது.

வேறு பொருளுக்கு மாறிக்கொள்ளும்படி ஆசிரியை ஃபெலிசியா சொன்னார். அவருக்கு வருத்தம்தான், ஆனால் பயனுருவை எதிர்த்து மதிப்பெண் போட அவருக்கு அதிகாரமில்லை. நிறைமதி மாறவில்லை. பயனுருவைச் செய்யும் நிறுவனத்துக்கே எழுதி, என் அம்மாவின் கையைப் பதிவு செய்துகொள்வீர்களா என்று கேட்டாள். அடுத்த வாரமே சம்மதம் வந்தது. இப்படி ஒரு கை தங்களிடம் இல்லாதது பெரிய குறை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

கோவையில் நடந்தது பதிவு. சுகந்திக்கு அந்த நாட்கள் திருவிழா மாதிரி இருந்தன. கார் வந்து அழைத்துப் போனது. காபி கொடுத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, அம்மா அம்மா என்றார்கள். உணர்கையுறை என்ற மெல்லிய உறையை மாட்டிவிட்டார்கள். பிடி, அழுத்தம், திருகல், நடுக்கம் எல்லாவற்றையும் அது குறித்துக்கொண்டது. திருகினாள், தூக்கினாள், முடிச்சுப் போட்டாள், ஒரே செய்கையை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்தாள். பதிவுக்காரப் பெண் அடிக்கடி, "வலிக்குதாம்மா? வலிச்சா நிறுத்திக்கலாம்" என்றாள்.

"இல்லீங்க, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று ஒவ்வொரு முறையும் சிரித்தாள் சுகந்தி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிறைமதிக்கு, அம்மாவின் மேலுதட்டில் வியர்வை பூத்திருப்பது தெரிந்தது. இல்லாத விரல்கள் வலிக்கும் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறாள். நிறுத்தினால் பதிவு அரைகுறையாகும், கத்தி மறுபடி தோற்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நிறைமதியும் நிறுத்தச் சொல்லவில்லை.

சுகந்தியின் கை பயனுருவுக்குள் போனது. கத்தி தேறியது. மாநிலத்திலேயே அந்த வருடத்தின் சிறந்த மாணவர் வடிவமைப்பு என்றார்கள். கத்தி கடைக்கும் வந்தது. சேலத்திலிருந்து ஒரு தச்சர் தொலைபேசியில் அழைத்து, விபத்தில் என் விரல்கள் போன பிறகு மனைவிக்கு இன்றுதான் கத்தரிக்காய் நறுக்கிக் கொடுத்தேன் என்று சொன்னார். அகமதாபாத்தில் இருந்த பெரிய வடிவமைப்புக் கல்லூரி ஒன்று, தேர்வு முடிவு வருவதற்கு முன்பே நிறைமதிக்கு இடம் கொடுத்தது. சுகந்தி தெருவில் எல்லோரிடமும் தன் கையைக் காட்டி, கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறது இதுதான் என்று சொல்லிக்கொண்டாள்.

மழைக்காலம் தொடங்கும்போது ஆலையிலிருந்து நலத்துறை அலுவலர் தனபால் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், விபத்து நடந்த அன்று மருத்துவமனையில் கூடவே இருந்தவர். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். பயனுருவில் இருக்கும் எந்தக் கையையும் யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்கலாம். ஆலையும் எடுத்திருக்கிறது. சுகந்தியின் கையை நூற்பு எந்திரத்தின் முன் நிறுத்தி, அறுந்த இழைகளை இணைக்க விட்டிருக்கிறார்கள். அது இணைத்திருக்கிறது. ஷிஃப்டுக்கு மேல் ஷிஃப்டாக, ஒரு வருடத்து வேலையை முகம் சுளிக்காமல் செய்து முடித்திருக்கிறது.

"வேலைக்கு இயலாதவங்கன்னு உங்களுக்கு உதவித்தொகை குடுத்து வீட்டுல உக்கார வெச்சிருக்கறது இனிச் செல்லாதுங்கம்மா. உங்க கையே முடியும்னு காட்டிருச்சுங்க. ஒண்ணாந்தேதி வந்துருங்க" என்றார் தனபால். அவர் சுகந்தியின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

"அது மெஷினு சார். அதுக்கு வலிக்காது" என்றாள் நிறைமதி.

பதிவின்போது வலி இருந்ததா என்று ஆலையும் நிறுவனத்திடம் கேட்டுப் பார்த்ததாகவும், ஒவ்வொரு முறையும் இல்லை என்றே பதிவாகியிருப்பதாகவும் தனபால் தயங்கித் தயங்கிச் சொன்னார். சுகந்தி காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாளே நிறைமதி கோவைக்குப் போனாள். கையை அழித்துவிடும்படி பதிவுக்காரப் பெண்ணிடம் கேட்டாள். கத்தியின் ஒப்புதல் போய்விடுமே என்றாள் அவள். போகட்டும் என்றாள் நிறைமதி. அந்தப் பெண் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பயனுருவுக்குள் போன உடல் சட்டப்படி பொதுச் சொத்து, கொடுத்தவரே கேட்டாலும் எடுக்க முடியாது என்று விளக்கினாள். இன்னொன்றையும் சொன்னாள். விரல் இழந்த கை என்று அவர்களிடம் இருப்பது அந்த ஒன்றுதான். ஆகவே மாநிலத்தில் விரல் இழந்த தொழிலாளர் யாராக இருந்தாலும், ஒரு விரலோ நான்கு விரலோ, சுகந்தியின் கையை வைத்துத்தான் பார்க்கிறார்கள். திருப்பூரில், ராஜபாளையத்தில், ஓசூரில் எல்லாம் ஆட்களைத் திரும்பக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

"வலியை அளக்க எங்ககிட்ட கருவி கிடையாதுப்பா. அதனாலதான் வாய்விட்டுக் கேட்டோம்" என்றாள் கடைசியில்.

பேருந்தில் திரும்பும்போது சேலத்துத் தச்சர் அழைத்தார். நிறைமதி எடுக்கவில்லை.

சுகந்தி வேலைக்குப் போனாள். முதல் வாரத்திலேயே மணிக்கட்டு வீங்கியது. சாயங்காலம் வந்து கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள், சோறு இறங்காது. திட்டவும் மாட்டாள். ஒரே ஒரு நாள் மட்டும், "அன்னிக்கு வலிக்குதான்னு கேட்டப்போ நான் ஆமான்னு சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே?" என்று கேட்டாள். "போனது போச்சு, விடு கண்ணு" என்று அவளே முடித்துக்கொண்டாள்.

அகமதாபாத்துக்குக் கிளம்ப இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. நிறைமதி பள்ளிப் பட்டறையிலேயே கிடந்து ஓர் உறை தைத்தாள். வெட்டுப்பட்ட விரலடிகளை இதமாக அழுத்தி, சூடு கொடுத்து, மணிக்கட்டைத் தாங்கும் உறை. சுகந்தி போட்டுப் பார்த்தாள். பிறகு சோறு போடச் சொன்னாள்.

ஆனால் பயனுருவில் தேறாத எதையும் அணிந்துகொண்டு வேலைத்தளத்துக்குள் போக முடியாது. நிறைமதி உறையைக் கண்ணாடி அறைக்குக் கொண்டுபோனாள். ஃபெலிசியா பயனுருவில் சுகந்தியின் கையை ஏற்றினார். கட்டைவிரலும் சுண்டுவிரலும் விரிய, அம்மா மாதிரியே லேசாக நடுங்கியபடி அது மேலே எழும்பியது. உறை இல்லாமல் வேலை செய்தது, உறையோடு செய்தது. இரண்டிலும் அதே வேகம், அதே பிடி. தீர்ப்பை ஃபெலிசியா வாய்விட்டுப் படிக்கவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பினார்.

எந்த மாற்றமும் இல்லை. பயனருக்கு இப்பொருள் தேவையில்லை.

மறுநாள் காலை ஆலை வாசல் வரை நிறைமதி கூடவே போனாள். வரிசை நகர்ந்தது. காவலாளி கேட்பதற்கு முன்பே சுகந்தி உறையைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அடுத்து நின்றவளுக்கு முப்பது வயது இருக்கும். இடது கையில் இரண்டு விரல் இல்லை. உறையை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். அதில் சூடு இன்னும் இருந்தது.

"எனக்கும் இப்படி ஒண்ணு பண்ணித் தர முடியுமா?" என்று கேட்டாள்.

"உள்ள விட மாட்டாங்க அக்கா. தேவையில்லைன்னு சொல்லிட்டாங்க."

"தேவையில்லையா? யாரு சொன்னது?"

நிறைமதி வாசலைப் பார்த்தாள். அம்மா திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா கை" என்றாள்.