கடைசிப் பட்டை

சாட்டை ஆறாவது முறை விழுந்தபோது பிலோமினா நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாய்க்குள் ரத்தம் உப்புக் கரித்தது. அவள் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அடி விழுந்தது கருப்பட்டியின் விலாவில். அடித்தது பிலோமினாவின் வலது கை. வலி மட்டும் அவளுடைய விலாவில் நெருப்புக் கோடாக இறங்கியது.

கடைசி இருநூறு மீட்டரில் எட்டு அடி என்பது டிரெய்னரின் கணக்கு. இன்னும் இரண்டு பாக்கி. பல்லைக் கடித்துக்கொண்டு அவற்றையும் அடித்தாள். குதிரை காதைக்கூட மடக்கவில்லை. எரிச்சல் இன்னதென்றே தெரியாமல், யாரோ முதுகில் தட்டி "போ" என்று சொன்னதுபோல் பறந்தது.

கார்மேடு பந்தயத் திடலில் விடிந்ததும் குதிரைகளை ஓட்டிப் பழக்குகிற வேலை அவளுக்கு. பந்தயத்தன்று ஏறுகிறவன் ஜாக்கி. பெயரும் மாலையும் அவனுக்கு. மற்ற ஆறு நாளும் அந்தக் குதிரையின் மூச்சும் முரண்டும் தெரிந்தவர்கள் இவளைப் போன்ற பழக்குநர்கள்தாம். முன்பெல்லாம் ஓட்டினால் போதும். இப்போது தாங்கவும் வேண்டும்.

குதிரையின் பிடரியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கருவி பதித்திருப்பார்கள். வலிமடை என்று பெயர். உடம்பில் எழுகிற வலி மூளையை எட்டுமுன் மடை அதை மறித்து, மனிதக் கழுத்தில் மாட்டியிருக்கும் தாங்குபட்டைக்குத் திருப்பிவிடும். முன்கால் வலி கைக்கு வரும், பின்கால் வலி காலுக்கு வரும். வலியை அழிக்க எந்த விஞ்ஞானியாலும் முடியவில்லை. வாய்க்கால் வெட்டி வேறு வயலுக்குப் பாய்ச்சத்தான் முடிந்தது. வாயில்லாப் பிராணிக்கு எங்கே நோகிறது என்று அறிந்து வைத்தியம் பார்க்கத்தான் முதலில் இதைச் செய்தார்கள். வலி தெரியாத குதிரை வேகமாக ஓடுகிறது என்பது பிறகுதான் முதலாளிமார் கண்ணில் பட்டது.

இறங்கியவுடன் டிரெய்னர் ஹனீபா பாய் வழக்கமான கேள்வியைக் கேட்டார். கார்மேட்டில் எந்தக் குதிரையும் இந்தக் கேள்விக்குப் பதில் வராமல் லாயத்துக்குப் போகாது.

"எந்தக் காலு?"

"சுத்தமுங்க பாய்."

"அப்புறம் ஏம்மா இடது மணிக்கட்டைப் புடிச்சிட்டு நிக்கிறே?"

"இது நம்ம பழைய இரும்புத் தகடுங்க. அஞ்சு வருசத்துக்கு முன்னாடி விழுந்ததுக்கு வச்சது. பனி இறங்கினா பாட்டுப் பாடும்."

குதிரையைப் பிடிக்க வந்த சைஸ், லாயத்தில் அதைப் பராமரிக்கும் மாதன், சிரித்தான். "அடிக்கறதும் நீயே, அழுவறதும் நீயேன்னா எப்படிக்கா? உன்னை வச்சிட்டு ஒருத்தன் குடும்பம் நடத்த முடியுமா?"

"அதான் எவனையும் வச்சுக்கல. போடா, தண்ணி காட்டு அவனுக்கு."

கருப்பட்டி அவள் தோளில் மூக்கை வைத்து ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுப் போனான். குட்டியாக வந்த நாளிலிருந்து அவனுக்கு அது பழக்கம்.

பாய் தம் பலகையில் 'சுத்தம்' என்று பதிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். மாடத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. அவர்கள் கழுத்தில் இருப்பது களிபட்டை. முழு மூச்சில் ஓடும் குதிரையின் உடம்பில் ஒரு குதூகலம் பொங்குமே, அதை மட்டும் தனியாக வடித்துக் கொடுப்பது. அன்று நாலாயிரம் கழுத்துகள் கருப்பட்டியோடு இணைந்திருந்தன. மாடத்துக்குக் கீழே ஜன்னலில்லாத தாங்கறையில் பிலோமினா உட்கார்ந்திருந்தாள். ஓடி முடிக்கும்வரை அவன் வலியெல்லாம் அவள் கணக்கு.

பந்தயத்துக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது முகம் கழுவப் பட்டையைக் கழற்றினாள். இடது மணிக்கட்டு சட்டென்று இலேசானது.

பட்டையை மறுபடி மாட்டினாள். மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. கழற்றினாள். இல்லை.

அது அவளுடைய தகடு இல்லை. அவனுடைய எலும்பு. மூன்று நாளாக அவன் வலியைத் தன் வலி என்று நினைத்து "சுத்தம்" சொல்லியிருக்கிறாள். பட்டையைக் கழற்றியதும் வலி போனதை, வெயில் ஏறியதால் என்று நினைத்திருந்தாள்.

படிகளில் மூச்சிரைக்க ஏறினாள். கருப்பட்டியின் முதலாளியும் பந்தய மன்றத்தின் தலைவருமான சபாநடேசன் முன்வரிசையில் இருந்தார். மடையையும் பட்டையையும் செய்கிற தொழிற்சாலையும் அவருடையதுதான்.

"சார், கருப்பட்டிக்கு இடது முன்கால்ல எலும்பு விரிசல் விட்டிருக்குதுங்க. இன்னிக்கு ஓட வேண்டாம்."

அவர் தம் கழுத்துப் பட்டையைத் தொட்டுச் சிரித்தார். "அது எவ்வளவு குஷியா இருக்குதுன்னு எனக்கு இங்க தெரியுது. நீ காலையில சுத்தம்னுதானே சொன்னே?"

"தப்பா சொல்லிட்டனுங்க சார்."

"பயந்துட்டே. போய் உட்காரு. பந்தயம் முடியற வரைக்கும் பட்டை கழுத்துல இருக்கணும்."

அவள் போனாள், ஆனால் உட்காரவில்லை. அவளுக்கு ஒரு யோசனை இருந்தது. தாங்க ஆள் இல்லாவிட்டால் வலி குதிரைக்கே திரும்பும் என்பது அவள் படித்த பாடம். கருப்பட்டி புறப்படும் இடத்திலேயே நொண்டுவான், விலக்கிவிடுவார்கள், பிழைத்துக்கொள்வான். பட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு ஓடுபாதையின் வேலி ஓரம் வந்து நின்றாள்.

அவன் நொண்டவில்லை.

போன மாதமே சபாநடேசன் மடையை ஒருவழிப் பாதையாக மாற்றியிருந்தார். தாங்குகிறவர் பாதியில் மயங்கினாலும் குதிரை வேகம் குறையக் கூடாதல்லவா? வெளியேறிய வலி இனிக் குதிரைக்குத் திரும்பாது. தாங்குபட்டை இருந்தால் முழுவதும் அதற்கு. இல்லாவிட்டால் அந்தக் குதிரையோடு இணைந்த மற்றப் பட்டைகளுக்குச் சமமாகப் பிரிந்துவிடும். பட்டை மாட்டுகிறவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இனி வருவதைக் கேட்க மனத்தைக் கொஞ்சம் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

முதல் சாட்டை விழுந்ததும் மாடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. இரண்டாவதற்குச் சிரிப்பு. நாலாயிரம் பேருக்குப் பங்கு போட்ட அடி எறும்புக் கடி அளவுக்குத்தான் இருந்தது. சந்தோஷத்தின் நடுவே சுருக்கென்று ஒரு கடி! பாயசத்தில் மிளகைக் கடித்ததுபோல அவர்களுக்குப் புதிதாக இருந்தது. "அடி! இன்னும் அடி!" என்று கூட்டம் எழுந்து நின்று கத்தியது. ஜாக்கி அடித்தான்.

கடைசி வளைவில் அந்தச் சத்தம் கேட்டது, காய்ந்த தைலமரக் கிளை முறிவதுபோல. கருப்பட்டியின் இடது முன்கால் முழங்காலுக்குக் கீழே இரண்டாகப் போயிற்று. அவனுக்குத் தெரியவில்லை. தெரியாததால் ஓடினான். முறிந்த எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அந்த முனையையே தரையில் ஊன்றி ஊன்றி இருநூறு மீட்டர் ஓடினான். ஊன்றிய இடமெல்லாம் புல் சிவந்தது. மாடத்தில் எல்லோரும் இடது கையை உதறிக்கொண்டு, கூச்சம் தாங்காதவர்கள்போல் சிரித்தார்கள். முதலாவதாகக் கோட்டைத் தாண்டியபின் அவன் குப்புற விழுந்தான். ஜாக்கி வேலியில் மோதித் தோள்பட்டை இறங்கிக் கிடந்தான்.

பிலோமினா வேலியைத் தாண்டி ஓடினாள். கருப்பட்டி எழுந்து நிற்கப் பார்த்து, தொங்குகிற காலையே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். மாடத்தில் கைதட்டல் ஓயவில்லை. அவன் எழ முயன்ற ஒவ்வொரு தடவையும் அங்கே குதூகலமாக ஒரு கூச்சல் எழுந்தது.

இவனுடைய சாவை இவர்கள் நொறுக்குத்தீனி தின்பதுபோல் தின்ன விடமாட்டேன் என்று அவளுக்குத் தோன்றியது. பட்டையைத் தன் கழுத்தில் மாட்டினாள்.

அவள் போட்ட அலறலில் மாடம் அடங்கியது. மண்ணில் புரண்டாள். நகங்கள் புல்லைப் பிய்த்தன. டாக்டர் ஊசியோடு வந்து சேர நாலு நிமிஷம் ஆயிற்று. அந்த நாலு நிமிஷமும் கருப்பட்டி அவள் தோளில் மூக்கை வைத்தபடி நிம்மதியாக இருந்தான்.

மறுவாரமே மன்றம் இரண்டு விதிகளைக் கொண்டுவந்தது. ஒன்று, பந்தயத்தன்று தாங்குகிறவர்கள் தேவையில்லை. ரசிகர்கள் கேட்டுக்கொண்டபடி வலி அவர்களுக்கே. இரண்டு, பிலோமினா மாதிரி நடுவில் கழற்றிவிட்டுப் போகிறவர்களால் வலி இடமில்லாமல் நிற்கக் கூடாது. ஒரு குதிரைக்குக் கடைசியாக மிஞ்சும் பட்டை, அதே குதிரைக்கு வேறொருவர் பட்டை மாட்டினாலன்றித் திறக்காது. இரண்டிலும் சபாநடேசனே கையெழுத்திட்டார். காலையில் பழக்கும்போது மட்டும் பழைய வழக்கம்தான், பட்டை பூட்டாது. பிலோமினா வேலையை விடவில்லை. இறங்கியதும் பட்டையைக் கழற்றி ஒரு முறை, மாட்டி ஒரு முறை மணிக்கட்டை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். மணிக்கட்டுத் தகட்டை அவள் இப்போது நம்புவதில்லை.

ஐப்பசியில் மலைப்பாதை சரிந்து பேருந்துகள் நின்றன. அந்த ஞாயிறு காலை சபாநடேசனின் செம்பா என்ற பெண்குதிரையிலிருந்து இறங்கியவள், கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இடது முன்காலுங்க பாய். மயிரிழைதான். ஓட விடாதீங்க."

பாய் முதலாளியிடம் போனார், திரும்பி வந்தார். "கூட்டம் தாங்கிக்கும்னுட்டாரும்மா."

"எந்தக் கூட்டமுங்க?" என்று அவள் மாடத்தைக் காட்டினாள்.

மழையில் வெறிச்சோடிய மாடத்தில் செம்பாவோடு இணைந்தவர்கள், சபாநடேசனையும் அவர் மருமகனையும் சேர்த்து, பதினோரு பேர். "கூட்டம் எங்க மாமா?" என்றான் மருமகன். கொடி இறங்கியது.

முதல் நூறு மீட்டருக்குள் ஒருவர் "என்னய்யா இது!" என்று கையைப் பிடித்தார். சாட்டை விழுந்தது. பதினோரு பேரும் ஒரே குரலில் வீரிட்டார்கள். ஒருவர் பட்டையைப் பிய்த்து எறிந்தார். அவர் பங்கு மற்றப் பத்துப் பேர் மேல் ஏறியது. அடுத்த அடிக்கு இன்னும் மூன்று பேர் கழற்றினார்கள். பிறகு ஒழுங்கு எதுவும் இல்லை. ஒருவர் கொக்கியை ஒருவர் திறக்கவிடாமல் கையைப் பிடித்து முறுக்கினார்கள். சபாநடேசன் தம் மருமகன் முகத்தில் முழங்கையால் குத்தினார், மூக்கு உடைந்து ரத்தம் மழையோடு ஓடியது. ஒருவர் நாற்காலிகளுக்கு இடையே விழ, அவர் மேல் ஏறி மிதித்துக்கொண்டு மற்றவர்கள் கழற்றினார்கள். ஐந்து, மூன்று, இரண்டு.

டிக் என்று கடைசிக் கொக்கி பூட்டிக்கொண்டது. மிஞ்சிய கழுத்து சபாநடேசனுடையது.

அடுத்த அடி அவரை நாற்காலியோடு சாய்த்தது. பாதைக்கும் மாடத்துக்கும் நடுவே நின்ற பிலோமினா மேலே ஏறி வந்தாள். அவளுடைய தாங்குபட்டை இடுப்பில் தொங்கியது. அவர் கண் அதில் நிலைத்தது.

"மாட்டு! மாட்டும்மா! உன்னைக் கும்பிடறேன்!"

ஓடும் குதிரையை நடுவில் நிறுத்தச் சொல்லும் உரிமை முதலாளிக்கு மட்டும்தான். அவள் அவர் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"எந்தக் காலுங்க சார்?"

"கை... இந்தக் கை..."

"குதிரைக்குக் கை கிடையாதுங்க சார். எந்தக் காலு?"

சாட்டை விழுந்தது. அவர் வில்லாக வளைந்தார்.

"முன்காலு! இடது முன்காலு! நிறுத்து, நிறுத்தச் சொல்லு!"

"பாய்! முதலாளி சொல்லியாச்சு! கொடி!"

ஹனீபா பாய் சிவப்புக் கொடியோடு பாதையில் ஓடினார். வளைவுக்கு முன்னால் ஜாக்கி லகானை இழுத்தான். செம்பா வேகம் குறைந்து, ஒன்றும் புரியாமல் காதுகளை நிமிர்த்திக்கொண்டு மழையில் நின்றது. நாலு காலும் முழுசாக இருந்தன.

சபாநடேசன் மூச்சு வாங்கினார். "நின்னுடுச்சே... இன்னும் ஏன் வலிக்குது?"

"எலும்பு சேர ஆறு வாரம் ஆகுங்க சார்."

அவர் மற்றவர்களைப் பார்த்தார். ரத்த மூக்கோடும் கிழிந்த சட்டையோடும் பத்துப் பேர் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். அவர் பார்வை பட்டதும் ஒவ்வொருவராகப் பட்டையைச் சட்டைப்பைக்குள் திணித்தார்கள். மருமகன் மட்டும், "நான்தான் அப்பவே கேட்டேனே மாமா, கூட்டம் எங்கன்னு" என்றான்.

பிலோமினா இடுப்புப் பட்டையைத் தடவினாள். "ராத்திரிக்கு நான் வாங்கிக்கறேன். நீங்களும் தூங்கணுமில்ல? பகல் உங்களுது."

கீழே மாதன் செம்பாவின் கடிவாளத்தைப் பிடித்து லாயத்தின் பக்கம் திருப்பினான். அது முதல் அடியை எடுத்து வைத்தது.

"மெல்ல!" என்று சபாநடேசன் தொண்டை கிழியக் கத்தினார். "டேய், மெல்லடா! பாத்து... பாத்துக் கூட்டிட்டு வாங்கடா அவளை!"